ஒரு டேக்கின் மேல் இன்னொரு டேக்: லினக்ஸ் கெர்னலுக்குள் 802.1ஏடி வந்த விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 3.10 பதிப்பு 2013 ஜூன் 30 அன்று வெளியானது. அதன் நெட்வொர்க் பகுதியில் புதிதாகச் சேர்ந்தவற்றில் ஒன்று 802.1ஏடி ஆதரவு. அதாவது ஏற்கெனவே விலேன் டேக் ஒட்டிய ஈதர்நெட் ஃபிரேமின் மேல் சேவை வழங்குநர் தன் டேக்கையும் ஒட்ட, கெர்னல் அதை முறைப்படி புரிந்துகொள்வது. ஃபிரேம் என்பது கம்பியில் போகும் தரவுத் துண்டு. விலேன் என்பது ஒரே கம்பியில் பல தனி நெட்வொர்க்குகளை எண் கொடுத்துப் பிரிக்கும் முறை, டேக் என்பது அந்த எண்ணைச் சுமக்கும் நான்கு பைட் சீட்டு. பேட்ச் (குறியீட்டு மாற்றங்கள்) தொகுப்பைப் பார்த்தால் பெரிய மர்மம் எதுவும் இல்லை. பாதிக்கு மேல் பெயர் மாற்றமும் ஃபங்ஷன்களுக்குக் கூடுதல் ஆர்கியுமென்ட் சேர்த்ததும்தான். ஆனால் அதன் தொடர்ச்சியாக வந்த திருத்தங்கள் 2022 வரை நீள்கின்றன. அதில் ஒன்று, வெளியிலிருந்து ஒரே ஒரு பாக்கெட்டை அனுப்பி இயந்திரத்தையே விழவைக்கக்கூடிய பாதுகாப்பு ஓட்டையை அடைத்தது.

நான்கு பைட்டைச் சேர்க்க ஏன் இவ்வளவு பாடு? புதிய குறியீட்டில் பெரிய கோளாறு இருந்ததாகச் சொல்ல முடியாது. “டேக் என்றால் ஒன்றுதான், அதன் வகை எண் 8100தான்” என்ற அனுமானம் கெர்னலின் பல மூலைகளில் யாரும் எழுதிவைக்காமலே உட்கார்ந்திருந்தது. அது எங்கெங்கே இருந்தது, ஒவ்வொன்றும் எப்படி வெளியே வந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

பின்னணி

802.1க்யூ தரநிலை 1998-ல் வந்தது. ஃபிரேமில் அனுப்புநர் முகவரிக்குப் பின்னால் நான்கு பைட் டேக் நுழைகிறது. முதல் இரண்டு பைட் டேக்கின் வகையைச் சொல்லும் எண், ஹெக்ஸில் (16 அடிமான எண்முறையில்) 8100. அடுத்த இரண்டு பைட்டில் 3 பிட் முன்னுரிமைக்கு, 1 பிட் தனி, மீதி 12 பிட் விலேன் எண்ணுக்கு. 12 பிட்டில் 4096 எண்கள். 0, 4095 இரண்டையும் கழித்தால் 4094.

ஒரு நிறுவனத்தின் உள் நெட்வொர்க்குக்கு 4094 தாராளம். பல நிறுவனங்களின் போக்குவரத்தை ஒரே கம்பியில் சுமக்கும் வழங்குநருக்கு அது போதாது. எண்ணிக்கை மட்டும் சிக்கல் இல்லை. இரண்டு வாடிக்கையாளர்களும் தங்கள் உள் நெட்வொர்க்கில் விலேன் 10-ஐ வைத்திருப்பார்கள், யாரும் மாற்றிக்கொள்ளச் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் வழங்குநர் வெளியே தன் டேக் ஒன்றை வைக்கிறார். அது எஸ்-டேக். உள்ளே இருப்பது வாடிக்கையாளருடைய சி-டேக். இரண்டும் சேர்ந்தால் 4094 × 4094, அதாவது 1,67,60,836 சேர்க்கைகள் கிடைக்கும்.

2005-ல் ஒப்புதல் பெற்ற 802.1ஏடி இதை முறைப்படுத்தி, வெளி டேக்குக்கு ஹெக்ஸில் 88ஏ8 என்ற தனி எண்ணைக் கொடுத்தது. அதற்கு முன்பே ஸ்விட்ச் தயாரிப்பாளர்கள் 9100, 9200, 9300 என்று ஆளுக்கொரு எண்ணைப் பயன்படுத்திவந்தார்கள். இன்னும் சிலர் வெளியேயும் 8100, உள்ளேயும் 8100 என்று வைத்துவிட்டார்கள். இந்தக் குழப்பம் இன்றுவரை முழுசாகத் தீரவில்லை.

இரண்டு டேக்குக்கும் இடையே சின்ன வித்தியாசம் ஒன்று உண்டு, பின்னால் அது முக்கியமாகிறது. அந்தத் தனி பிட் பழைய சி-டேக்கில் அனேகமாகப் பயனற்றுக் கிடந்தது. எஸ்-டேக்கில் அதற்கு வேலை இருக்கிறது. நெரிசல் வந்தால் இந்த ஃபிரேமை முதலில் கைவிடலாம் என்பதற்கான அடையாளம் அது.

2013-க்கு முன் என்ன இருந்தது

லினக்ஸில் விலேன் ஆதரவு 2.4 காலத்திலேயே வந்துவிட்டது, பென் கிரியர் எழுதியது. அதில் விலேன் என்பது ஒரு முழு நெட்வொர்க் இன்டர்ஃபேஸ், அதாவது பாக்கெட்டுகள் போய்வரும் ஒரு வாசல். அசல் கார்டின் மேல் ஒரு விலேன் இன்டர்ஃபேஸ் உருவாக்கலாம். அந்த இன்டர்ஃபேஸும் ஒரு இன்டர்ஃபேஸ்தானே, அதன் மேலேயும் இன்னொன்றை உருவாக்கலாம். ஆக, 8100-க்கு மேல் 8100 என்ற அடுக்கு எந்தத் தனி முயற்சியும் இல்லாமல் ஓடியது. இந்த வடிவமைப்பின் அழகு அது. அதன் ஆபத்தும் அதுதான்: “அடுக்கு விலேன் ஏற்கெனவே வேலை செய்கிறதே” என்ற நினைப்பில், ஒற்றை டேக் அனுமானங்களை யாரும் கிளறிப் பார்க்கவில்லை.

88ஏ8 எண்ணோடு ஒரு ஃபிரேம் வந்தால் கெர்னலுக்கு அது தெரியாத புரோட்டோகால். கேட்பாரில்லாமல் கீழே போகும்.

இன்னொரு விஷயம், கெர்னல் ஒரு பாக்கெட்டைக் கையில் வைத்திருக்கும் விதம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எஸ்கேபி என்றழைக்கப்படும் ஒரு ஸ்ட்ரக்சர் இருக்கிறது. அதில் டேக்குக்கென்று ஒரு இடம், ஒரே ஒரு இடம், 16 பிட். நெட்வொர்க் கார்டுகள் டேக்கைத் தாங்களே ஒட்டவும் உரிக்கவும் கற்றுக்கொண்டதால் வந்த ஏற்பாடு இது. உள்ளே வரும்போது கார்டு டேக்கை உரித்து எண்ணைத் தனியே தரும், கெர்னல் அதை அந்த இடத்தில் போட்டுவைக்கும். வெளியே போகும்போது அந்த இடத்தில் இருப்பதைக் கார்டு எடுத்து ஒட்டும். வகை எண் எங்கேயும் குறிக்கப்படவில்லை. எதற்குக் குறிக்க வேண்டும், 8100 தவிர வேறு என்ன இருந்தது?

2013-ன் பேட்ச் தொகுப்பு

2013 ஏப்ரலில் இந்த வேலையைச் செய்தவர் பேட்ரிக் மெக்ஹார்டி. புது வசதியை எடுத்த எடுப்பில் திணிக்காமல், முதலில் பழைய பெயர்களை மாற்றினார். கார்டு தன்னால் டேக் ஒட்ட முடியும் என்று அறிவிக்கும் கொடிகள் (ஆம்/இல்லை அடையாளங்கள்) அதுவரை பொதுவாக “விலேன்” என்ற பெயரில் இருந்தன. அவை எல்லாம் “சி-டேக்” என்று பெயர் மாறின. எஸ்-டேக்குக்கு இணையான புதுக் கொடிகள் பிறகு வந்தன.

மேலோட்டமாகப் பார்த்தால் வீண் வேலை போலத் தெரியும், கார்டுகளை இயக்கும் ஏகப்பட்ட டிரைவர்களைத் தொட வேண்டியிருந்ததே. ஆனால் என் கணிப்பில் தொகுப்பிலேயே முக்கியமான முடிவு இதுதான். பழைய கொடியின் உண்மையான பொருள் “என்னால் 8100 ஒட்ட முடியும்” என்பது மட்டுமே. அதே பெயரை விட்டுவைத்து எஸ்-டேக்கை அந்தக் கார்டிடம் கொடுத்திருந்தால், அது 8100 என்று ஒட்டிக் கம்பியில் அனுப்பியிருக்கும். எங்கும் ஒரு எரர் வராது, எதிர்முனை ஸ்விட்ச் மட்டும் சத்தமில்லாமல் பாக்கெட்டைத் தூக்கி எறியும். பெயரை மாற்றியதால், கெர்னல் மரத்துக்கு வெளியே பராமரிக்கப்படும் டிரைவர்கள் கம்பைல் ஆகாமல் நின்றன. அதை எழுதியவர்கள் முணுமுணுத்திருப்பார்கள். ஓடும்போது தவறாக ஓடுவதைவிட கம்பைல் ஆகாமல் நிற்பது எவ்வளவோ மேல்.

அடுத்து, எஸ்கேபியில் டேக் எண்ணுக்குப் பக்கத்தில் டேக் வகைக்கென்று இரண்டு பைட் சேர்ந்தது. டேக் போடும் ஃபங்ஷன்கள் அத்தனையும் வகையையும் கேட்டு வாங்க ஆரம்பித்தன. எஸ்கேபியில் இரண்டு பைட் சேர்ப்பது சின்ன விஷயமில்லை. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒன்று என்பதால் அந்த ஸ்ட்ரக்சரில் ஒரு பைட்டுக்குக்கூடச் சண்டை நடக்கும்.

விலேன் எண்ணிலிருந்து இன்டர்ஃபேஸைத் தேடும் அட்டவணையும் மாறியது. 4096 எண்களையும் 8 துண்டாகப் பிரித்து, தேவைப்படும் துண்டுக்கு மட்டும் நினைவகம் ஒதுக்கும் ஏற்பாடு முன்பே இருந்தது. ஒரு துண்டில் 512 பாயின்டர் (நினைவக முகவரி), 64 பிட் இயந்திரத்தில் சரியாக 4096 பைட். இப்போது அந்த அட்டவணைக்கு இன்னொரு பரிமாணம் வந்தது: டேக் வகை. இல்லாவிட்டால் ஒரே கார்டின் மேல் 8100 வகையில் எண் 100, 88ஏ8 வகையில் எண் 100 என்று இரண்டு இன்டர்ஃபேஸை வைக்க முடியாது, ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து உட்காரும்.

பயனர் பக்கத்தில் மாற்றம் எளிது. ஐபி லிங்க் கட்டளையில் விலேன் உருவாக்கும்போது புரோட்டோ என்ற இடத்தில் 802.1ஏடி என்று சொன்னால் போதும். சொல்லாவிட்டால் பழையபடி 802.1க்யூ.

ஒரு பாக்கெட்டின் பின்னால் போவோம்

ஈத்0 என்ற கார்டின் மேல் எஸ்-டேக் 100, அதன் மேல் சி-டேக் 10 என்று இரண்டு இன்டர்ஃபேஸ் இருக்கட்டும். மேல் இன்டர்ஃபேஸ் வழியாக ஒரு பாக்கெட் கிளம்புகிறது.

மேல் இன்டர்ஃபேஸ் எஸ்கேபியின் அந்த ஒற்றை இடத்தில் “8100, 10” என்று எழுதி, பாக்கெட்டைக் கீழ் இன்டர்ஃபேஸிடம் தள்ளுகிறது. கீழ் இன்டர்ஃபேஸுக்கும் அதே இடம் வேண்டும். அதற்கு முன் கெர்னல் ஒரு கேள்வி கேட்கிறது: இந்த இன்டர்ஃபேஸால் சி-டேக்கைத் தானே ஒட்ட முடியுமா? முடியாது. சரி, அப்படியானால் டேக்கை இப்போதே பாக்கெட்டின் உடம்புக்குள் எழுது, இடத்தைக் காலி செய். இப்போது கீழ் இன்டர்ஃபேஸ் காலியான இடத்தில் “88ஏ8, 100” என்று எழுதுகிறது. கடைசியில் ஈத்0. அந்தக் கார்டுக்கு எஸ்-டேக் ஒட்டத் தெரிந்தால் கார்டே ஒட்டும். தெரியாவிட்டால் இதுவும் மென்பொருளிலேயே உடம்புக்குள் போகும். எந்த நேரத்திலும் அந்த இடத்தில் இருப்பது ஆக வெளியே நிற்கும் டேக் மட்டும்தான். உள்ளே இருப்பது முதலில் எழுதப்பட்டாக வேண்டும். இந்த வரிசை புரண்டால் டேக்குகள் இடம் மாறிவிடும்.

உள்ளே வரும் பாக்கெட்டுக்கு வேறு வழி. 88ஏ8 தெரியாத கார்டு ஃபிரேமை அப்படியே தரும். கெர்னல் வெளி டேக்கை உரித்து அந்த இடத்தில் போடுகிறது, அட்டவணையில் எஸ்-டேக் 100-ஐத் தேடுகிறது, பாக்கெட்டின் உரிமையாளராக அந்த இன்டர்ஃபேஸை மாற்றுகிறது, இடத்தைக் காலி செய்கிறது. அப்புறம் ஒரு கோடூ (குறியீட்டின் வேறு வரிக்குத் தாவும் கட்டளை), தொடக்கத்துக்கே திரும்பி இன்னொரு சுற்று. இந்தச் சுற்றில் கண்ணில் படுவது 8100, அதே வேலை மறுபடியும். கோடூவைக் கண்டாலே முகம் சுளிப்பவர்கள் இந்த இடத்தைப் பார்க்கலாம். எத்தனை டேக் வந்தாலும், ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவகமான ஸ்டாக்கில் ஒரு பைட்கூட அதிகமாகாது. இதே வேலையை ரிகர்ஷனாக, அதாவது ஃபங்ஷன் தன்னையே கூப்பிடும்படி எழுதினால் என்ன ஆகும் என்பதற்குக் கெர்னலே ஒரு பாடம் வைத்திருக்கிறது. கொஞ்சம் கீழே வருகிறது.

கசிவுகள்

முதலில் அகப்பட்டது கண்காணிப்புக் கருவிகள். கார்டோ கெர்னலோ டேக்கை உரித்து எஸ்கேபியில் தனியே வைத்துவிட்டால், பாக்கெட்டின் உடம்பில் டேக் இருக்காது. டிசிபிடம்ப் போன்ற கருவிகள் பயன்படுத்தும் லிப்பிகேப் நூலகம், கெர்னல் துணைத் தகவலாகத் தரும் டேக் எண்ணை வாங்கி மறுபடி ஃபிரேமில் சொருகிக் காட்டும். ஆனால் கெர்னல் எண்ணை மட்டும்தான் தந்தது, வகையைத் தரவில்லை. நூலகம் 8100 என்று போட்டுக் காட்டியது. கம்பியில் 88ஏ8 சரியாக ஓடிக்கொண்டிருக்கும், திரையில் 8100 தெரியும். கோளாறு தேடுபவர் நல்லபடியாக ஓடும் ஸ்விட்ச் அமைப்பைப் பிரித்துப் போடுவார். வகையையும் பயனர் பக்கத்துக்குத் தரும் பேட்ச் 2013 டிசம்பரில் எழுதப்பட்டு 3.14-ல் சேர்ந்தது.

அடுத்தது அந்தத் தனி பிட். எஸ்கேபியில் டேக் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு கொடி வேண்டும். 16 பிட்டில் 12 எண்ணுக்கு, 3 முன்னுரிமைக்கு. மீதமிருந்த ஒன்றைத்தான் பழைய ஆட்கள் கொடியாக எடுத்துக்கொண்டார்கள், யாருக்கும் பயன்படாத பிட்தானே என்று. 802.1ஏடி அந்த பிட்டுக்கே வேலை கொடுத்துவிட்டது. விளைவு: எஸ்-டேக்கில் “முதலில் கைவிடலாம்” என்ற அடையாளத்தோடு வரும் ஃபிரேம், லினக்ஸ் வழியாகப் போனால் அந்த அடையாளம் அழிந்து வெளியே வரும். எந்த பாக்கெட்டும் தொலையாது, எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி விழாது. நெரிசல் வரும்போது அடுத்த ஸ்விட்ச் தவறான ஃபிரேம்களைக் கைவிடும், அவ்வளவுதான். 2018 நவம்பரில் வந்த தொகுப்பு கொடியை வேறு பிட்டுக்கு நகர்த்தி இதைத் தீர்த்தது, 5.0 பதிப்பில் கிடைத்தது. 2022-ல் அந்தத் தனிக் கொடியும் போய்விட்டது. டேக் இருந்தால் வகை எண் சுழியாக இருக்கவே முடியாது அல்லவா? வகையையும் டேக்கையும் சேர்த்து 32 பிட்டாகப் பார், சுழி இல்லையென்றால் டேக் இருக்கிறது. 2013-லேயே செய்திருக்கக்கூடிய காரியம். வகைக்கென்று அந்த இரண்டு பைட் அப்போதே வந்துவிட்டது.

செக்சம் கதை இன்னும் சிக்கலானது. பல கார்டுகள் ஐபி பாக்கெட்டின் செக்சத்தை, அதாவது பிழையைக் கண்டுபிடிக்க உதவும் சரிபார்ப்பு எண்ணை, தாங்களே கணக்கிடும். அதற்குக் கார்டு பாக்கெட்டைப் பிரித்து ஐபி ஹெடர் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு டேக்கைத் தாண்டத் தெரியும், இரண்டைத் தாண்டத் தெரியும் என்ற உத்தரவாதம் இல்லை. 2015-ல் வேகத்துக்காக அடுக்கு விலேன்களுக்கும் ஆஃப்லோடு (கெர்னலின் வேலையைக் கார்டிடம் விடும்) வசதிகளைத் திறந்துவிட்டபோது இது பெரிதாக வெளியே தெரிந்தது. 2017-ல் வந்த திருத்தம் நேரடியானது: பாக்கெட்டில் ஒன்றுக்கு மேல் டேக் இருந்தால் ஐபி சார்ந்த செக்சம் ஆஃப்லோடை நம்பாதே, கெர்னலே கணக்கிடட்டும். சில கார்டுகளுக்கு இதனால் வேகம் குறையும். தவறான செக்சத்தோடு வேகமாகப் போய் என்ன பயன்?

இனி பாதுகாப்பு ஓட்டை. ஒரே தொடர்பின் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளைச் சேர்த்து ஒரே பெரிய பாக்கெட்டாக மேலே தரும் ஜிஆர்ஓ என்ற வசதி கெர்னலில் உண்டு. கார்டு டேக்கை உரிக்காத ஃபிரேம்களுக்கு அது வேலை செய்யவில்லை. அடுக்கு விலேனில் உள் டேக் பெரும்பாலும் உடம்புக்குள்ளேயே இருக்கும் என்பதால் இழப்பு அதிகம். 2015-ல் விலேன் டேக்குக்கும் ஜிஆர்ஓ கையாளி ஒன்று சேர்ந்தது. அது செய்தது இதுதான்: டேக்கைப் படி, உள்ளே இருக்கும் வகையைப் பார், அந்த வகைக்குரிய கையாளியைக் கூப்பிடு. உள்ளே இருப்பதும் விலேன் டேக் என்றால்? தன்னையே கூப்பிடும். அதற்குள்ளும் டேக் என்றால்? மறுபடி.

ஒரு டேக் 4 பைட். 1500 பைட் பாக்கெட் முழுக்க டேக்காகவே நிரப்பினால் 375 அடுக்கு, 9000 பைட் ஜம்போ ஃபிரேமில் 2250. ஒவ்வொரு அழைப்பும் கெர்னல் ஸ்டாக்கில் கொஞ்சம் தின்னும், அந்த ஸ்டாக்கோ 64 பிட் எக்ஸ்86-ல் 16 கிலோபைட் மட்டுமே. டேக்கைத் தவிர வேறெதுவும் இல்லாத பெரிய பாக்கெட் ஒன்று போதும், கெர்னல் பேனிக் ஆகி இயந்திரம் நின்றுவிடும். 2016-ல் இது பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2016-7039 என்ற எண்ணில் பதிவானது. திருத்தம் ஜிஆர்ஓ ரிகர்ஷனுக்கு 15 என்ற வரம்பு வைத்தது, அதைத் தாண்டினால் அந்தப் பாக்கெட்டுக்குச் சேர்த்தல் இல்லை, சாதாரண வழியில் போகும்.

டேக் ஒன்றுதான் என்ற வரம்பை எடுத்தவர்கள், புது வரம்பு எத்தனை என்று சொல்லவில்லை. அதை ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே அடிபட்டுக் கற்றுக்கொண்டது. இன்டர்ஃபேஸ்களை ஒன்றன் மேல் ஒன்றாக எத்தனை அடுக்கலாம் என்பதற்கு 2019-ல் 8 என்று வரம்பு வந்தது. டேக்குகளைத் தாண்டி உண்மையான புரோட்டோகாலைத் தேடும் ஃபங்ஷனுக்கு 2020-ல்தான் 8 என்று வரம்பு விழுந்தது. மூன்றுக்கும் வேர் ஒன்று, தீர்வு மட்டும் மூன்று வேறு இடங்களில்.

பிரிட்ஜும் எம்டியுவும்

இன்டர்ஃபேஸ் அளவில் ஆதரவு வந்தாலும், லினக்ஸை வழங்குநர் ஸ்விட்ச்சாக ஓட்ட, கெர்னலுக்குள் ஸ்விட்ச் வேலை பார்க்கும் பிரிட்ஜுக்கும் புரிய வேண்டும். தோஷியாகி மகிதா 2014-ல் அதைச் சேர்த்தார், 3.16 பதிப்பில். பிரிட்ஜின் விலேன் புரோட்டோகாலை 802.1ஏடி என்று மாற்றிவிட்டால், அது எஸ்-டேக்கை மட்டும் பார்த்து வடிகட்டும். அதோடு கவனிக்கத்தக்க ஒரு நுணுக்கம்: ஸ்விட்ச்களுக்கிடையே வளையம் உருவாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ செய்திகள் போகும் 01-80-சி2-00-00-00 முகவரியைச் சாதாரண பிரிட்ஜ் கடத்தாது, தானே வாங்கிக்கொள்ளும். வழங்குநர் பிரிட்ஜ் அப்படிச் செய்தால் வாடிக்கையாளரின் ஸ்பேனிங் ட்ரீ இரண்டு துண்டாகும். அதனால் 802.1ஏடி முறையில் அந்த முகவரியும் இன்னும் சிலவும் சாதாரணத் தரவாகக் கடத்தப்படுகின்றன. தரநிலையை வரி வரியாகப் படித்தவர் செய்த வேலை என்று தெரிகிறது.

எம்டியு (ஒரு ஃபிரேமில் போகக்கூடிய அதிகபட்சத் தரவின் அளவு) விஷயத்தில் கெர்னல் இன்றும் பயனரை நம்பியே இருக்கிறது. டேக் இல்லாத முழு ஃபிரேம் 1518 பைட், ஒரு டேக்கோடு 1522, இரண்டோடு 1526. விலேன் இன்டர்ஃபேஸ் தன் அடி இன்டர்ஃபேஸின் எம்டியுவை அப்படியே எடுத்துக்கொள்கிறது, 1500 என்றால் 1500, இரண்டாவது அடுக்கிலும் 1500. 1522-க்கு மேல் ஏற்காத கார்டோ ஸ்விட்ச்சோ வழியில் இருந்தால் முழு அளவுப் பாக்கெட்டுகள் மட்டும் காணாமல் போகும். பிங் போகும், எஸ்எஸ்எச் லாகின் ஆகும், கோப்பு நகலெடுக்க ஆரம்பித்தால் அப்படியே உறைந்து நிற்கும். கெர்னல் தானாக நான்கைக் கழிக்கலாமே என்று தோன்றும். கழித்தால், 1526-ஐ ஏற்கும் கார்டு வைத்திருப்பவர்களின் நெட்வொர்க்கில் எதிர்முனையோடு அளவு ஒத்துப்போகாது. எந்தக் கார்டு எவ்வளவு தாங்கும் என்று மேல் அடுக்குக்குத் தெரியாதபோது ஊகிக்காமல் விட்டதே சரி என்றுதான் நினைக்கிறேன். அடிக் கார்டின் எம்டியுவை 1504-க்கு உயர்த்துவது ஒரு வழி. வழியில் இருப்பவை அதை ஏற்காவிட்டால் உள் இன்டர்ஃபேஸை 1496-க்கு இறக்க வேண்டும்.

பழைய 9100-ன் நிலை இது: அந்த எண்களெல்லாம் கெர்னலின் ஹெடர் கோப்பில் இருக்கின்றன, “அதிகாரபூர்வமாகப் பதிவு செய்யப்படாதவை” என்ற குறிப்போடு. ஆனால் அந்த வகையில் விலேன் இன்டர்ஃபேஸ் உருவாக்கக் கேட்டால் கெர்னல் மறுக்கும். அட்டவணையில் இருப்பது இரண்டு வரிசைதான், 8100-க்கு ஒன்று, 88ஏ8-க்கு ஒன்று. எதிரில் 9100 மட்டும் பேசும் பழைய ஸ்விட்ச் இருந்தால், அதன் வெளி டேக் எண்ணை அமைப்பில் மாற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான ஸ்விட்ச்களில் முடியும். முடியாவிட்டால், அந்த ஸ்விட்ச்சுக்கும் லினக்ஸுக்கும் நடுவே எண்ணை மாற்றித் தரும் இன்னொரு பெட்டி தேவைப்படும்.